நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? புதுசு வாங்குவதற்கு முன்

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சத்தம் மட்டும் கேட்கும், எஞ்சின் அசையாது. பெரும்பாலோர் அன்றைக்கே புது பேட்டரி மாட்டிவிடுகிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும். அடுத்த முறை நான்கு நாள் நிறுத்தினால் பழைய கதைதான். பேட்டரியை யார் காலி செய்கிறார்கள் என்று பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் செலவுக்கு முடிவே கிடையாது. பர்மாவில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். கம்பெனி போட்ட ஒயரிங்கில் கோளாறு வருவதைவிட, ஜப்பானில் முதல் சொந்தக்காரர் மாட்டியதும் இங்கே வந்தபின் நாம் மாட்டியதும்தான் அதிகம் கோளாறு செய்கின்றன. தேடலை அங்கிருந்து தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. எந்தக் காரும் பூட்டி நிறுத்திய பிறகும் சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம், ரேடியோவின் நினைவகம், ரிமோட் சாவியின் ரிசீவர், அலாரம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது 20 முதல் 50 மில்லியாம்பியருக்குள் இருக்கும். எளிமையான பழைய டொயோட்டாக்களில் இன்னும் குறைவாகவே பார்க்கலாம். ஹோண்டா ஃபிட் அளவு வண்டிகளில் நாம் அதிகம் பார்க்கும் 46பி24எல் பேட்டரியின் கொள்ளளவு, ஐந்து மணி நேரக் கணக்கில், 36 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). அதில் பாதி போனாலே ஸ்டார்ட்டர் திணற ஆரம்பிக்கும். எனவே கையில் இருப்பது 18 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லியாம்பியர் போனால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். 300 மில்லியாம்பியர் போனால் இரண்டரை நாள். டிக்கியில் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். 4 ஆம்பியர் போனால் இரவு படுத்துக் காலையில் எழுவதற்குள் காலி.

ஆக, எத்தனை நாளில் இறங்குகிறது என்பதே முதல் துப்பு. ஒரே இரவில் போனால் பெரிய சுமை ஒன்று அணையாமல் நிற்கிறது: பிரேக் லைட், ஏசி கம்ப்ரெசரின் கிளட்ச், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு. இரண்டு மூன்று நாளில் போனால் ஸ்டீரியோ, கேமரா, உள் விளக்கு. மூன்று வாரம் தாங்கிவிட்டுப் போனால் வண்டியில் குற்றமே இல்லை, நீங்கள்தான் அதிக நாள் நிறுத்திவிட்டீர்கள். இன்னொன்று: இந்தக் கணக்கு நல்ல பேட்டரிக்கு. பழசாகிப் பாதிக் கொள்ளளவு போன பேட்டரியில் எல்லா நாள் கணக்கையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வெயிலும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் ஏறஏற பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் ஏறும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏப்ரல் வெயிலில் நிற்கும் வண்டியும் நிழலில் நிற்கும் வண்டியும் ஒன்றல்ல.

பேட்டரி மேல் உள்ள எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடையில் தப்பானதைக் கொடுத்தால் கண்டுபிடிக்க உதவும். 46பி24எல் என்பதில் 46 திறன் வரிசை. பி என்பது அகல உயர வகுப்பு. 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். எல், ஆர் என்பது முனை இருக்கும் பக்கம்: பாசிட்டிவ் முனைக்கு அருகே உள்ள குட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பாசிட்டிவ் இடப்பக்கம் இருந்தால் எல், வலப்பக்கம் இருந்தால் ஆர். இதை மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டுவார்கள், அது பானட்டில் உரசும். கடைசியில் எஸ் என்று இருந்தால் தடித்த முனை. எஸ் இல்லாத மெல்லிய முனையில் தடித்த கிளாம்பை (கேபிள் நுனியில் முனையைக் கவ்வும் வளையம்) போட்டுத் தகரத்துண்டு செருகி இறுக்குவது இங்கே சர்வசாதாரணம். ஓட்டும்போது குலுங்கித் தளர்ந்து சரியாகச் சார்ஜ் ஏறாது. பிறகு ‘பேட்டரி இறங்குகிறது’ என்று புகார் வரும்.

இனி சோதனை. குற்றம் பேட்டரியிலா வண்டியிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள், மேலோட்டமாக நிற்கும் வோல்டேஜ் அடங்கும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிட்டு (டொயோட்டாவின் அசல் ஜப்பான் நேவிகேஷன் இருந்தால் அது பூட்டிக்கொள்ளலாம், கீழே சொல்கிறேன்), சில மணி நேரம் விட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அளந்து பாருங்கள். கிளாம்பு கழற்றிய நிலையிலேயே 12.4-க்குக் கீழே போனால் பேட்டரிதான் உள்ளுக்குள் ஒழுக்குகிறது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. அசையாமல் நின்று, கிளாம்பை மாட்டியதும் இறங்கினால் குற்றவாளி வண்டிக்குள் இருக்கிறது.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரவேண்டும். ஹோண்டாக்களில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. மின்சுமை குறைவாக இருக்கும்போது எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரை 12 சொச்சத்துக்கு இறக்கிவிடும் ஏற்பாடு பல மாடல்களில் இருக்கிறது. அதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி அளந்தால் 14-க்கு மேல் ஏறிவிடும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஓடும் எஞ்சினில் பேட்டரி கிளாம்பைக் கழற்றி, ‘வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நல்லாயிருக்கு’ என்று சொல்லும் ஒயரிங் சயாக்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இப்போது அப்படிச் செய்தால் வோல்டேஜ் துள்ளி எஞ்சின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

வண்டிதான் குடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் இருக்கும் மஞ்சள் டி.டி.830 மல்டிமீட்டரே போதும், ஆனால் அதன் குணம் தெரிந்து பயன்படுத்த வேண்டும். அதில் மின்னோட்டம் அளக்க இரண்டு வழி. 200 மில்லியாம்பியர் வரிசைக்கு உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. அந்த வரிசையில் வைத்திருக்கும்போது தவறிக் கதவைத் திறந்தாலே உள் விளக்கு எரிந்து ஃபியூஸ் போய்விடும். அதன் பிறகு மீட்டர் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். ‘ஒழுக்கே இல்லை’ என்று வரும் தீர்ப்புகளில் பல இந்த எரிந்த ஃபியூஸின் தீர்ப்பு. இன்னொன்று 10 ஆம்பியர் துளை. அதில் பாதுகாப்பு ஃபியூஸ் கிடையாது, அதனால் ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டால் மீட்டரே புகைந்துவிடும். ஆனால் 10 ஆம்பியருக்குள் இருக்கும் வரை தாங்கும், 10 மில்லியாம்பியர் வரை பிரித்தும் காட்டும். நம் வேலைக்கு இதுதான்.

மீட்டரை மாட்டுவதற்கு முன், 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கிளாம்புக்கும் நடுவே பல்பை வையுங்கள். தொட்டவுடன் ஒருமுறை மின்னி அணைந்தால் பயமில்லை, உள்ளே உள்ள கப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன. விடாமல் நன்றாக எரிந்தால் ஒரு ஆம்பியருக்கு மேல் போகிறது என்று அர்த்தம். மீட்டரே வேண்டாம், பல்பைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றலாம்.

மீட்டர் மாட்டும் முறை இது. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் அதை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். பக்கத்தில் இருந்தால் வண்டியும் சாவியும் பேசிக்கொண்டே இருக்கும், அளவு அடங்காது. உள்ளே ஃபியூஸ் பெட்டியை எட்ட வேண்டுமானால் கதவைத் திறந்துவைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பழைய வண்டிகளில் கதவு நிலையில் இருக்கும் ரப்பர் சுவிட்சை டேப் போட்டு அமுக்கிவிட்டால் போதும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்காமல் கதவைச் சாத்தினால் பூட்டு உடையும், ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை நெகட்டிவ் கிளாம்பிலும் முதலையிடுக்கியால் கவ்வவிட்டு, அதற்குப் பிறகு கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் கிளாம்பைக் கழற்றிவிட்டு அப்புறம் மீட்டரைச் சேர்த்தால் நடுவில் மின்சாரம் அறுந்து எல்லா மாட்யூல்களும் (வண்டிக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர்கள்) புதிதாக விழித்தெழும். சில கோளாறுகள் அந்த மறுதொடக்கத்திலேயே மறைந்துவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி வரும். இன்னொரு காரணமும் இருக்கிறது: டொயோட்டாவின் அசல் ஜப்பான் நேவிகேஷன் செட் சிலவற்றில் மின்சாரம் ஒருமுறை அறுந்தால் திரை பூட்டிக்கொண்டு திறவு எண் கேட்கும். அந்த எண் ஜப்பானில் இருக்கும் யாரிடமோ இருக்கிறது.

மாட்டியதும் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்றுகூடக் காட்டும். மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போகச் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரம் வரை ஆகும், சில புது மாடல்களில் அதற்கும் மேல். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மீட்டரில் 0.03, 0.04 என்று நின்றால் வண்டி சுத்தம். 0.10-க்கு மேல் நின்றால் தேட வேண்டியதுதான். எண் நிலையாக இல்லாமல் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் ஏதோ ஒன்று தூங்கி விழித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது, கேமராவையோ ஜி.பி.எஸ். டிராக்கரையோ சந்தேகப்படுங்கள்.

ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்பு மீட்டரைப் பற்றியும் ஒரு வரி. வீட்டு ஒயரிங் செய்பவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏ.சி. (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) மட்டும் அளப்பது, காருக்கு உதவாது. டி.சி. (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) அளக்கும் யூனி-டி யு.டி.210ஈ போன்றது இருந்தால் ஒரு மில்லியாம்பியர் வரை பிரித்துக் காட்டும், எதையும் கழற்ற வேண்டாம். ஒயரைச் சுற்றிக் கவ்வுவதற்கு முன், அதே இடத்தில் அதே திசையில் வைத்துப் பூஜ்யம் செய்துகொள்ள வேண்டும். பூமியின் காந்தமும் அதில் எண்ணாக ஏறும்.

எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க எல்லாரும் செய்வது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எப்போது விழுகிறது என்று பார்ப்பது. அது சரியான வழிதான், ஒரு நிபந்தனையோடு: கழற்றியதைத் திரும்பச் செருகாதீர்கள். செருகிய நொடி அந்தப் பக்கத்து மாட்யூல் விழித்து, மறுபடி தூங்கும் வரை காத்திருக்க வேண்டிவரும். வரிசையாகக் கழற்றித் துணியில் அடுக்கி, ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அதைவிட எனக்குப் பிடித்தது எதையும் கழற்றாத வழி. ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். மின்னோட்டம் இல்லாவிட்டால் 00.0. ஓடினால் சிறிய எண் ஒன்று வரும். 10 ஆம்பியர் மினி ஃபியூஸின் மின்தடை சுமார் 7 அல்லது 8 மில்லிஓம்தான். அதனால் 0.1 மில்லிவோல்ட் தெரிந்தால் ஏறத்தாழ 13 மில்லியாம்பியர். 1 மில்லிவோல்ட் தெரிந்தால் 130. 15, 20 ஆம்பியர் ஃபியூஸ்களில் தடை இன்னும் குறைவு, அதே எண்ணுக்கு மின்னோட்டம் அதிகம். பேட்டரி வழக்கம்போல மாட்டியே இருக்கும், யாரும் விழிக்க மாட்டார்கள், பத்து நிமிடத்தில் பானட்டுக்குள்ளும் உள்ளேயும் இருக்கும் இரண்டு ஃபியூஸ் பெட்டியையும் முடித்துவிடலாம்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஜப்பானிய எழுத்து இருந்தால் போனின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டிப் படித்துக்கொள்ளலாம். டொயோட்டாவில் ‘டோம்’, ‘ஈ.சி.யு.-பி’ என்று எழுதிய ஃபியூஸ்களும் ஹோண்டாவில் ‘பேக் அப்’ என்பதும் சாவி எடுத்தபின்னும் மின்சாரம் போகும் வழிகள். ரேடியோ, உள் விளக்கு, கடிகாரம் எல்லாம் அந்த வழியில்தான். பெரும்பாலான தேடல் இங்கேயே முடிகிறது.

முதல் சந்தேகம் எப்போதும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோமீது. ஜப்பான் ரேடியோவின் எஃப்.எம். அலைவரிசை நம் ஊருக்குப் பொருந்தாது, எழுத்தும் புரியாது. அதனால் வண்டி வந்ததும் பத்து அங்குலத் திரை ஒன்றைப் போட்டுவிடுகிறோம். அதில் மூன்று ஒயர் கவனிக்க வேண்டியவை. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், நினைவகத்துக்கு. சிவப்பு சாவி திறந்தால் மட்டும் 12 வோல்ட் வரவேண்டிய ஏ.சி.சி. கறுப்பு எர்த். சாவி வழி ஒயரைத் தேடச் சோம்பல்பட்டவர் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார். ஸ்டீரியோ வேலை செய்யும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். சாவியை எடுத்தாலும் அதற்கு யாரும் சொல்லவில்லை, பவர் பட்டனில் திரை இருண்டாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியருக்கு மேல் சுலபமாகப் போகும். வண்டி நின்று ஒரு மணி நேரம் கழித்து ஸ்டீரியோவின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். சிவப்பைப் பிரித்து, சிகரெட் லைட்டர் ஃபியூஸ் போன்ற சாவி வழி வரும் இடத்திலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸோடு எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஒயர் சரியாக இருந்தும் இறங்கினால் செட்டிங்கில் தூக்க நேரத்தைப் பாருங்கள். வேகமாக எழவேண்டும் என்பதற்காகப் பல செட்டுகள் முழுதாக அணையாமல் நாள் கணக்கில் அரைத்தூக்கத்தில் கிடக்கும். உள்ளே சிம் கார்டு போட்டிருந்தால் இன்னும் மோசம்.

அடுத்தது முன்கண்ணாடிக் கேமரா. நிறுத்தியபின்னும் பதிவு செய்யும் வசதியோடு ஃபியூஸ் பெட்டியில் நேரடியாக இணைத்திருந்தால் 3 வாட் கேமராகூட 0.25 ஆம்பியர் எடுக்கும். அதன் பவர் ஒயரில் வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதை 12.2-க்கு மேல் வையுங்கள். 11 சொச்சத்தில் விட்டிருந்தால் அது துண்டிக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும் சுங்கச்சாலை ஈ.டி.சி. பெட்டி, தூரத்திலிருந்து எஞ்சினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர், சாவி எடுத்தபின்னும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் பழைய டர்போ டைமர் எல்லாம் நமக்கு இங்கே எதற்கும் பயன்படாதவை. டேஷ்போர்டுக்கு அடியில் கம்பெனி ஒயரில் நீல நிற இடுக்கியால் கடித்து மின்சாரம் எடுத்திருப்பார்கள். சாமானைக் கழற்றி, ஒயரை அடி வரை பின்தொடர்ந்து போய்த் துண்டித்து, இடுக்கி இருந்த இடத்தில் டேப் சுற்றுங்கள். பெட்டியை மட்டும் பிடுங்கி ஒயரைத் தொங்கவிட்டால் மழைக்காலத்தில் அந்த முனை பச்சை பூத்து வேறு தொல்லை கொடுக்கும்.

பழைய ஹோண்டா வைத்திருப்பவர்கள் பிரேக் பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். பெடல் கையில் ஒரு துளை; அதில் பொத்தான் அளவு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் ஒன்று பதிந்திருக்கும். பிரேக் லைட் சுவிட்சின் ஊசியை அதுதான் அமுக்கிப் பிடித்திருக்கிறது. பல வருட வெயிலில் அது பிஸ்கட் மாதிரி பொடிந்து உதிரும். ஊசி துளைக்குள் நுழைந்துவிட, காலை எடுத்தாலும் பிரேக் லைட் அணையாது. 21 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே மூன்றரை ஆம்பியர். பகலில் கண்ணுக்குத் தெரியாது. கால் மிதியில் நீலமாகவோ பச்சையாகவோ சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தால் அது இதுதான். குமிழின் விலை மிகக் கொஞ்சம், கையாலேயே அமுக்கிப் பொருத்தலாம். ஆட்டோ கியர் வண்டியில் இன்னொரு அடையாளம்: பிரேக்கை மிதிக்காமலேயே ‘பி’யிலிருந்து கியர் நகரும். அப்படி நகர்ந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள், பேட்டரியைவிடப் பெரிய ஆபத்து அது.

ஏசி கிளட்ச் ரிலே ஒட்டிக்கொள்வதும் ஹோண்டாக்களில் தெரிந்த வியாதி. உள்ளே உள்ள தொடுமுனைகள் உருகி ஒட்டினால் எஞ்சின் அணைந்தபின்னும் கம்ப்ரெசரின் காந்தச் சுருளுக்கு மூன்று நான்கு ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் அணைந்த நிலையில் அந்த ரிலேயைப் பிடுங்குங்கள். கம்ப்ரெசர் பக்கம் ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் பிடித்துவிட்டீர்கள். ஹாரன் ரிலே அதே எண்ணுடையதாக இருந்தால் இடம் மாற்றிப் பார்த்து உறுதி செய்யலாம். பொதுவாகவே, வண்டி ஆறியபின் ரிலேக்களை விரலால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பது வேலை செய்துகொண்டிருக்கிறது.

டிக்கி விளக்கு, டேஷ்போர்டுப் பெட்டி (கிளவ் பாக்ஸ்) விளக்கு, கண்ணாடி விளக்கு: போனில் வீடியோ பதிவைப் போட்டுவிட்டு உள்ளே வைத்து மூடி, எடுத்துப் பாருங்கள். ப்ரோபாக்ஸ் போன்ற சரக்கு வண்டிகளில் பின்கதவு முழுதாகச் சாத்தாமல் விளக்கு எரிவது அதிகம்.

எல்லா ஃபியூஸையும் கழற்றியும் எண் இறங்கவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் போகும் ஒயர்கள் மிச்சம். ஒன்று, ஆம்ப்ளிஃபையர், கூடுதல் ஹாரன், எல்.இ.டி. பார் என்று முனையிலேயே கவ்வவைத்த வெளி ஒயர்கள். இன்னொன்று ஆல்டர்னேட்டர். அதன் உள்ளே உள்ள டயோடு ஒழுக ஆரம்பித்தால் மின்சாரம் பின்வழியாகப் போகும். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த காலையில் ஆல்டர்னேட்டர் மட்டும் கதகதப்பாக இருந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும். உறுதி செய்ய, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த பி ஒயரை நட்டோடு கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் டயோடு பிளேட் மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏ.சி. வோல்டேஜ் அளந்து 0.5-க்கு மேல் இருந்தால் டயோடு மோசம் என்று படித்திருப்பீர்கள். முறை சரி, ஆனால் மஞ்சள் மீட்டரில் செய்யாதீர்கள். அதன் ஏ.சி. வரிசை டி.சி.யைத் தடுக்காமல் சேர்த்துக் காட்டும், நல்ல ஆல்டர்னேட்டரும் கெட்டதாகத் தெரியும்.

மழைக்காலத்தில் ரங்கூன் கீழ்ப்பகுதிகளில் தண்ணீர் ஏறிய தெருவில் நின்ற வண்டிக்குச் சந்தேகப் பட்டியல் வேறு. கால் பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அங்கே உள்ள கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். எலி கடித்த ஒயரையும் அப்படியே: பானட்டுக்குள் நெல் உமியோ பஞ்சோ கிடந்தால் அதைச் சுற்றியுள்ள ஒயர்க்கட்டை விரித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் தலையும் ஒழுக்கும். ஆசிட் ஆவியும் தூசியும் ஈரமும் சேர்ந்து இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போடும். மீட்டரின் கறுப்பை நெகட்டிவ் முனையில் வைத்து, சிவப்பைப் பிளாஸ்டிக் மேல் அங்கங்கே தொடுங்கள். வோல்ட் தெரிந்தால் அழுக்கு வழியாகப் போகிறது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். சோடா தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. அளவு குறைந்திருந்தால் வடிகட்டிய பேட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் போரிங் தண்ணீரிலும் உள்ள உப்பு தகட்டைத் தின்னும்.

இறங்கிய பேட்டரியைப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிரப்ப முடியாது. ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைவு, ஏசியும் விளக்கும் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். 36 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சார்ஜரில் 3 முதல் 4 ஆம்பியர் வைத்துப் பத்து மணி நேரம் வேண்டும். கரண்டு நான்கு மணி நேரம் வந்து நான்கு மணி நேரம் போகும் ஊரில் இதற்கு ஒரு நாள் போய்விடும். சார்ஜர் வாங்கும்போது, கரண்டு போய்த் திரும்ப வந்தால் தானாகத் தொடருமா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். பட்டன் அமுக்கினால்தான் தொடங்கும் வகை நம் ஊருக்கு ஆகாது. வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துச் சார்ஜ் செய்வது வேண்டாம். அது நூறு ஆம்பியர்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு ஏற்றபடி 10, 15 ஆம்பியர் தள்ளும், சின்னது கொதித்துவிடும். கார் பேட்டரியை இரவில் கழற்றி ஃபேனுக்கும் வைஃபைக்கும் போட்டுவிட்டுக் காலையில் திரும்ப மாட்டுவதும் அப்படியே. மெல்லிய தகடு போட்ட ஸ்டார்ட்டிங் பேட்டரி, முழுதாக இறங்கி ஏறுவதைச் சில டஜன் முறைகூடத் தாங்காது.

வண்டியில் குற்றமில்லை, ஆனால் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிடுவதே மலிவான வழி. நேவிகேஷன் பூட்டிக்கொள்ளும் வகையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கழற்றாமல், நிழலுக்கு வெளியே 10 வாட் சோலார் தகடு ஒன்றைக் கன்ட்ரோலரோடு இணைத்துவிட்டால் 30, 40 மில்லியாம்பியரை அது ஈடுகட்டிவிடும். ஆக்வா, ப்ரியஸ் போன்ற ஹைப்ரிட்களில் பெரிய பேட்டரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரை எழுப்புவது பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான், அது காலியானால் வண்டி அசையாது. ஆக்வாவில் ஜம்ப் கேபிளின் சிவப்பைப் பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் சிவப்பு மூடி போட்ட முனையில் கொடுக்க வேண்டும், கறுப்பை எஞ்சின் பக்கத்து வெறும் இரும்பில்.

கிளாம்பைத் திரும்ப மாட்டியபின் ஐடில் ஏறி இறங்கினால் பதற வேண்டாம். ஹோண்டாவில் ஏசி, விளக்கு, ஸ்டீரியோ எல்லாவற்றையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை 3000 சுற்றில் பிடித்து, பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளும். பவர் விண்டோவின் ஆட்டோ வேலை செய்யாவிட்டால் கண்ணாடியை முழுதாக ஏற்றி, பட்டனை மேல்பக்கமே இரண்டு மூன்று நொடி இழுத்துப் பிடியுங்கள்.